கிரேட் டேன் குட்டி வாங்கலாமா? சரவணம்பட்டிக் குடும்பத்துக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி, மூன்று படுக்கையறை. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 71 வயது மாமியார் உங்களோடு இருக்கிறார். நண்பர் வீட்டில் கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இன நாயைப் பார்த்த நாளிலிருந்து மகன் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். குட்டிகளை இனப்பெருக்கம் செய்து விற்கும் பிரீடர் ஒருவர் 45 நாள் குட்டி இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள் என்கிறார். வீட்டில் இடம் போதுமா, குழந்தைகளோடு பழகுமா, இதைவிட செயின்ட் பெர்னார்ட் என்ற இன்னொரு பெரிய இனம் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், முன்பணம் அனுப்பாதீர்கள். அந்தக் குட்டியை இப்போது வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் படித்த பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், எதையெல்லாம் தயார் செய்துகொண்டு வாங்க வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் 19 வருடங்களாக, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கிரேட் டேன் வளர்த்தவன். இந்த நாய்கள் மேல் எனக்கு உயிர். வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான்.

நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் முதலில் கேட்பது இடத்தைப் பற்றித்தான். ஆனால் இடம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. வளர்ந்த கிரேட் டேன் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். காலையிலும் மாலையிலும் அரை மணி, முக்கால் மணி நேரம் நல்ல நடை போதும். ஒரு பீகிளோ லாப்ரடாரோ வீட்டுக்குள் போடும் ஆட்டத்தில் பாதியைக்கூட இது போடாது. மூன்று படுக்கையறை வீட்டில் ஹாலில் ஒரு மெத்தையைப் போட்டுவிட்டால் அதுவே அதன் ராஜ்ஜியம். இடத்தைவிட நான் கவலைப்படுவது உங்கள் தரையைப் பற்றி. வழவழப்பான டைல்ஸில் 60 கிலோ நாய் எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் வழுக்கி அகலும். இளம் வயதில் மூட்டுக்குக் கெடுதல், வயதான பிறகு எழவே பயப்படும். எங்கள் வீட்டில் ஹாலில் இருந்து வாசல்வரை ரப்பர் பாய் விரித்திருந்தோம். அப்புறம் வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் காய்த்துவிடும், சில நேரம் நீர் கோத்து எலுமிச்சம்பழ அளவுக்குப் பையாகத் தொங்கும். அதனால் கனமான மெத்தை கட்டாயம்.

சரி, இடம் இல்லையென்றால் எது பிரச்சினை? எடை, வயிறு, ஆயுள். இந்த மூன்றுக்கும் உங்கள் வீட்டில் யார் பொறுப்பு என்று ஒரு பெயரைச் சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எடையில் ஆரம்பிக்கிறேன். கிரேட் டேன் ஆண் நாய் தோள்வரை 80 சென்டிமீட்டரில் தொடங்கி 90 வரை வளரும். எடை 60 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், 75-ஐத் தொடுவதும் உண்டு. பெண் 50 முதல் 60. பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டி இருக்கும் குட்டி, ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட நூறு மடங்காகிறது. உங்கள் மகள் பிறந்து நான்கு வருடத்தில் எவ்வளவு எடை கூடியிருக்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள், அந்த வேகம் புரியும். ஆறு மாதத்தில் அது உங்கள் மகனைவிடக் கனமாக இருக்கும். ஆனால் புத்தி குட்டியின் புத்திதான். இரண்டு வயதுவரை மனதளவில் அது குழந்தை.

இந்த எடை என்றால் என்ன என்று நான் உணர்ந்தது ஒரு ராத்திரியில். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் இரண்டாவது நாய் பீமன். அப்போது அவனுக்கு நாலரை வயது, 64 கிலோ. ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஹாலுக்கு வந்து முதுகை வளைத்துக்கொண்டு நின்றான். வாந்தி எடுப்பதுபோல் ஓங்கரித்தான், எதுவும் வரவில்லை. நூல் நூலாக வெள்ளை எச்சில் மட்டும் தொங்கியது. படுத்தான், உடனே எழுந்தான், திரும்பித் தன் வயிற்றையே பார்த்தான், மறுபடியும் ஓங்கரித்தான். விலா எலும்புக்குப் பின்னால் கையை வைத்துத் தட்டிப் பார்த்தேன். மத்தளத்தைத் தட்டியதுபோல் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. இரைப்பை முறுக்கு. படித்து வைத்திருந்ததால் அடையாளம் தெரிந்தது.

எங்கள் கார் சின்னது. பின் சீட்டில் அவன் நல்ல நாளிலேயே மடங்கித்தான் உட்காருவான், அன்றைக்கு மடங்கவே முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரை எழுப்பினேன். அவரிடம் தேங்காய் ஏற்றும் குட்டி யானை வண்டி இருந்தது. பவானி ஜமக்காளத்தை விரித்து, அதில் பீமனைப் படுக்க வைத்து, நான், என் மனைவி, அவர், அவர் மகன் என்று நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கினோம். வாசலில் மூன்றே படி. அந்த மூன்று படி இறங்குவதற்குள் என் மனைவியின் பிடி இரண்டு முறை நழுவியது. கோவைக்கு 40 கிலோமீட்டர். அவள் பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், நான் முன்னால் உட்கார்ந்து டாக்டர்களுக்கு ஃபோன் செய்துகொண்டே வந்தேன். முதல் இருவர் எடுக்கவில்லை. மூன்றாமவர் எடுத்தார், கிளினிக்கைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை ஆரம்பமானது. பிழைத்துக்கொண்டான். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்களுக்கு வந்தது ஏதோ அபூர்வமான விபத்து என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஆழமான மார்புக்கூடு கொண்ட பெரிய நாய்களில், இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இரைப்பைக்குள் போகும் வழியும் அடைபடும், ரத்த ஓட்டமும் அடைபடும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். அதிக ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் முதலிடம் கிரேட் டேனுக்குத்தான். ரத்த சம்பந்தமுள்ள நாய்க்கு, அதாவது தாய்க்கோ தகப்பனுக்கோ கூடப் பிறந்ததற்கோ, வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது. வயது ஏறினாலும், அவசரமாக விழுங்கினாலும் கூடுகிறது. இன்னொன்றும் அதில் தெரிந்தது. உயரமான நாய்க்குப் பாத்திரத்தை ஸ்டாண்டில் உயர்த்தி வைப்பது நல்லது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், கடையிலும் விற்பார்கள். அந்த ஆய்வில் உயர்த்திய பாத்திரத்தில் சாப்பிட்ட நாய்களுக்கு ஆபத்து அதிகமாகவே இருந்தது. நானும் முதல் நாய்க்கு ஸ்டாண்ட் வைத்திருந்தேன். பீமனுக்குப் பிறகு எடுத்துவிட்டேன். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள்.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவது. காஸ்ட்ரோபெக்ஸி என்பார்கள். வயிறு உப்புவதை அது தடுக்காது, முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும். கொல்வது பெரும்பாலும் முறுக்குதான். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போது கூடவே இதையும் செய்துவிடலாம். எங்கள் மூன்றாவது நாய் செல்லிக்கு அப்படித்தான் செய்தோம். கோவையில் இதைச் செய்து பழகிய டாக்டர் யார், ராத்திரி ஒரு மணிக்கு யார் ஃபோன் எடுப்பார் என்று குட்டி வாங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். குட்டி வந்த பிறகு விசாரிக்கலாம் என்று விட்டுவிட்டால் அது நடக்கவே நடக்காது.

இப்போது ஒரு சோதனை. வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு எடுங்கள். ஒரு கெட்டியான போர்வையில் இரண்டையும் வைத்து, நீங்களும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லிஃப்டைத் தொடாமல் இரண்டு மாடி படியிறங்கி கார்வரை கொண்டு போங்கள். மூட்டை அசையாது, வலியில் துடிக்காது, 50 கிலோதான். அதையே கொண்டு போக முடியவில்லையென்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கணவர் வெளியூர் போயிருக்கும் நாளில் இரண்டாவது ஆள் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயுளைப் பற்றி மகனிடம் இன்னும் பேசியிருக்க மாட்டீர்கள். கிரேட் டேன் வாழ்வது 7 முதல் 10 வருடம். பத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம். பீமன் எட்டு வயதில் போனான், இதயத் தசை விரிந்து தளர்ந்துபோகும் நோயில். அதுவும் இந்த இனத்தை அதிகம் தாக்கும் நோய்தான். எலும்புப் புற்றுநோய் இன்னொன்று. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த சியூஸ் என்ற கிரேட் டேன் 2022-ல் அப்போது உயிரோடிருந்த நாய்களில் உலகிலேயே உயரமான ஆண் நாய் என்று கின்னஸில் இடம் பிடித்தது. உயரம் 104.6 சென்டிமீட்டர். அடுத்த வருடமே எலும்புப் புற்றுநோய் கண்டு, ஒரு காலை எடுத்து, அதன் பிறகு வந்த நிமோனியாவில் இறந்துபோனது. நான்கு வயதுகூட நிரம்பவில்லை. இப்போது குட்டி வாங்கினால், உங்கள் மகன் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைக்குப் படிக்கும் வருடங்களில் அது கிழடாகி இருக்கும், அல்லது இருக்காது. மகளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கூடவே இருந்த நாய், அவள் பள்ளியை முடிப்பதற்குள் போய்விடும். அதற்காக வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. நானும் அழுதிருக்கிறேன், நான்காவதும் வளர்ப்பேன். ஆனால் குழந்தைகளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைகளோடு பழகுமா என்றால், அருமையாகப் பழகும். ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த நாய்களின் வம்சம் இது. டேன் என்ற பெயரைப் பார்த்து டென்மார்க் நாய் என்று நினைத்துவிடுவார்கள், அது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரால் வந்த குழப்பம். பிரபுக்களின் மாளிகைகளில் காவலுக்கு இருந்து இருந்து, மனிதர்களோடு ஒட்டி வாழும் குணம் அதன் ரத்தத்தில் ஊறிவிட்டது. வந்து உங்கள் மேல் சாயும். முழு எடையையும் உங்கள் தொடையில் போட்டு, தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய சுகம் எனக்குத் தெரியாது. என் பேத்தி தவழும்போது செல்லியின் காதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாள். செல்லி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

ஆனால் உங்கள் மாமியார் மேலும் அப்படித்தான் வந்து சாயும். அன்பாகத்தான் சாயும். மாற்று மூட்டு வைத்த காலோடு நிற்பவர் மேல் 60 கிலோ சாய்ந்தால் என்ன ஆகும்? காலிங் பெல் அடித்தவுடன் அது எழுந்து வாசலுக்கு ஓடும் வழியில் அவர் வாக்கரோடு நின்றுகொண்டிருந்தால்? மகளின் விஷயமும் இதேதான். கடிக்கும் என்ற பயம் இல்லை, தள்ளிவிடும் என்பதுதான் பயம். நான்கு வயதுக் குழந்தையின் முகமும் டேனின் வாலும் ஒரே உயரத்தில் இருக்கும். அந்த வாலை லேசாக நினைக்காதீர்கள். எங்கள் முதல் நாய் சந்தோஷத்தில் வாலை ஆட்டி ஆட்டிக் கதவு நிலையில் அடித்துக்கொண்டு நுனி கிழிந்துவிட்டது. கட்டுப் போட்டால் அடுத்த ஆட்டலில் கட்டுப் பறக்கும். ஒரு மாதம் ஹால் சுவர் முழுக்க ரத்தப் புள்ளி. விருந்தாளிகள் வந்தால் சுவரைப் பார்த்துவிட்டு நாயைப் பார்ப்பார்கள், அது மறுபடி வாலை ஆட்டும்.

அடுத்து, பகலில் யார் இருப்பார்கள்? நீங்கள் இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வருகிறீர்கள். வீட்டில் மாமியார் மட்டும். அவரால் நாயைக் கீழே கூட்டிப்போக முடியாது. சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு எட்டு முறை சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டும், ஒவ்வொரு முறையும் லிஃப்டில். நான்கு மாதத்தில் அது 20 கிலோவைத் தாண்டிவிடும், அப்போது அது போடும் சிறுநீர்க் குட்டையை ஒரு துணியால் துடைத்து முடிக்க முடியாது. இந்த இனத்தைத் தனியாகப் போட்டுவைத்தால் ஏங்கிப்போகும். ஏக்கம் வந்தால் சோஃபாவைப் பிய்க்கும், அல்லது குரைக்கும். டேனின் குரல் இரண்டு மாடிக்குக் கேட்கும்.

நடைக்கு யார் கூட்டிப் போவது என்பதையும் பேசி வைக்க வேண்டும். மகன் கூட்டிப் போகக் கூடாது. இன்னும் ஆறேழு வருடத்துக்குக் கயிறு அவன் கையில் தனியாக இருக்கக் கூடாது. நம் தெருக்களில் நாலைந்து தெருநாய்கள் சூழ்ந்துகொண்டு குரைக்கும், அந்த நேரத்தில் 60 கிலோ ஒரே இழுப்பாக இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தக் கூடிய ஆள்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். குட்டியிலிருந்தே இழுக்காமல் நடக்கப் பழக்குவது இந்த இனத்துக்கு விருப்பப் பாடம் இல்லை, கட்டாயப் பாடம். 15 கிலோவில் பழக்காததை 60 கிலோவில் பழக்க முடியாது.

பணம். மாதக் கணக்கை மட்டும் பார்த்தால், நல்ல தரமான பெரிய இன உணவு, அல்லது கோழி, சோறு, காய்கறி என்று வீட்டில் சமைப்பது, எப்படிப் பார்த்தாலும் எனக்கு இப்போது மாதம் பத்தாயிரத்தை ஒட்டி ஆகிறது. ஆனால் செலவின் சூட்சுமம் சாப்பாட்டில் இல்லை, எல்லா மருந்துமே எடைக்குக் கணக்கு என்பதில் இருக்கிறது. பூச்சி மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்றால் செல்லிக்கு ஒரு வேளைக்கு ஆறு. உண்ணி மாத்திரையில் கடைசி அளவே 50, 60 கிலோவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் இரண்டு பெட்டி சேர்த்து வாங்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் எவ்வளவு சாதாரணம் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், அதனால் அதை விடவும் முடியாது. ஆன்டிபயாடிக், குளுக்கோஸ், எல்லாம் ஒரு மனிதனுக்கு ஆகும் அளவு. பீமனின் அந்த ஒரு ராத்திரிக்கும் அடுத்த பத்து நாளுக்கும் சேர்த்து அரை லட்சத்துக்கு மேல் போனது, அதுவும் சில வருடங்களுக்கு முந்தைய விலையில். குட்டியின் விலையைப் போல மூன்று மடங்கைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் வைத்திருக்க முடிந்தால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள்.

வளர்க்கும் முறையில் நம் ஊரில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. பெரிய நாய், எலும்பு பலமாக வேண்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவது. கடைக்காரரே கையில் கொடுப்பார். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதைப் பார்த்தார்கள். அதிகக் கால்சியம் கொடுத்த குட்டிகளுக்குத்தான் எலும்பு கோணிப்போனது. சின்னக் குட்டியின் உடம்புக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் உணவில் தேவையான அளவு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கொழுகொழுவென்று வளர்க்கவும் கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். பார்க்கிறவர்கள் சோறு போடவில்லையா என்று கேட்பார்கள், கேட்கட்டும். எலும்பு முழுதாக முற்ற ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை படி ஏறி இறங்குவது, சோஃபாவிலிருந்து குதிப்பது, ஓட்டப் பயிற்சி எதுவும் வேண்டாம். கருத்தடையையும் அதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்பார்கள், உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

செயின்ட் பெர்னார்ட் பற்றி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் கிட்டத்தட்ட 2,470 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு பனிக் கணவாயில், துறவிகள் மடத்தில் வளர்ந்த இனம் அது. அங்கே 1800-களின் தொடக்கத்தில் வாழ்ந்த பேரி என்ற நாய் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பனியிலிருந்து மீட்டது என்பார்கள். அதன் உடலை பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பனிக்கென்றே அமைந்த அந்த ரோமத்தோடு, 70 கிலோ உடம்போடு, ஏப்ரல் மாதக் கோவையில் அது என்ன செய்யும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். உடம்பு பெரிதாக ஆக, சூடு இறங்க நேரம் எடுக்கும். இருபத்து நாலு மணி நேரமும் ஏசி ஓட வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்க வேண்டும். சமவெளியில் செயின்ட் பெர்னார்டோ, அதேபோல் அடர்ந்த ரோமமுள்ள நியூஃபவுண்ட்லாந்து இன நாயோ வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை என்றே நான் நினைக்கிறேன், இதில் என் கருத்து மாறாது. டேனுக்குக் குட்டை ரோமம் என்பதால் பரவாயில்லை, ஆனால் அதற்கும் நம் வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான் நடை.

சிலர் காக்கேசியன் ஷெப்பர்ட், மாஸ்டிஃப் என்று வேறு பெரிய இனங்களைச் சொல்லி ஆசைகாட்டுவார்கள். குழந்தைகள் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு அவை வேண்டவே வேண்டாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு அனுப்பிய கடிதத்தில் அவற்றின் பெயர்கள் இருந்தன. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. கிரேட் டேன் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் குடியிருப்புச் சங்கம் பெரிய நாய் கூடாது என்றால், விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் வருட வழிகாட்டுதலைக் காட்டலாம். நாயின் அளவை வைத்துத் தடுக்கவோ, லிஃப்டை மறுக்கவோ சங்கத்துக்கு உரிமை இல்லை என்கிறது அது. ஆனாலும் லிஃப்டில் நாயைப் பார்த்துப் பயப்படும் குழந்தை இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள்.

உங்கள் பிரீடர் விஷயம். 45 நாள் குட்டியை விற்பதே தவறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் வருட மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும் கடைசி இரண்டு வாரத்தில்தான் குட்டி கடியின் அளவைக் கற்றுக்கொள்கிறது. 60 கிலோ ஆகப்போகும் நாய்க்கு அந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கெனல் கிளப்பின் சான்றிதழ் இருக்கிறது என்பார். அது வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. தாய் தகப்பனுக்கு இதயம் ஸ்கேன் பார்த்திருக்கிறதா, இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா, பாட்டன் பாட்டி எத்தனை வயதில், எதனால் இறந்தன, வம்சத்தில் யாருக்காவது வயிறு முறுக்கியதா என்று கேளுங்கள். நல்ல பிரீடர் இவற்றுக்குப் பதில் சொல்வதோடு, உங்களையும் இதேபோல் பத்துக் கேள்வி கேட்பார். உங்கள் பிரீடர் இதுவரை கேட்டது முன்பணம் மட்டும்தான்.

உங்களுக்கு நான் சொல்வது இது. மகளுக்கு ஏழு வயது ஆகட்டும். அதற்குள் தரைத்தள வீட்டுக்கு மாற முடியுமா, உங்கள் இருவரில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி உண்டா என்று பாருங்கள். மாமியாரிடம் தனியாகப் பேசுங்கள், பேரன் முன்னால் கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்படி எல்லாம் அமைந்தால், குட்டியை விட, யாராவது வளர்க்க முடியாமல் கொடுக்கும் இரண்டு மூன்று வயது டேனை எடுப்பது உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒன்றரை வயதில் சமாளிக்க முடியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். குணம் தெரிந்த, வளர்ச்சி முடிந்த நாய். உங்கள் வீட்டு வயதானவரோடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டே எடுக்கலாம்.

சரி, மகனுக்கு என்ன சொல்வது? வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நண்பர் வீட்டு டேனிடம் வாரம் ஒருநாள், ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூட்டிப் போங்கள். அதன் தண்ணீர்ப் பாத்திரத்தில் கோழையாக மிதக்கும் எச்சிலைக் கழுவட்டும். பையில் அதன் கழிவை அள்ளட்டும், ஒரு கை அளவுக்கு இருக்கும். காதைத் துடைக்கட்டும், உண்ணி பார்க்கட்டும். மழை பெய்தாலும் போகட்டும். நாய் அவன் மேல் சாயும்போது விழாமல் நிற்கப் பழகிக்கொள்வான். ஆறு மாதம் ஒரு ஞாயிறுகூட விடாமல் போனானா என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

இரண்டு மூன்று வருடம் கழித்தும் அவன் இதையே கேட்டால் எனக்கு எழுதுங்கள். நாய் பார்க்கப் போகும் அன்றைக்கு நானும் வருகிறேன். குட்டியாக இருந்தால் தாயை எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், பின்னங்கால் எப்படி வைக்கிறது என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன்.